கடல்நீர் ஆர்.ஓ. பிளாண்ட் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

"அண்ணே, மெம்பிரேன் போயிடுச்சு. தண்ணி வாயில வைக்க முடியல."

எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். போய்த் திறந்து பார்த்தால் மோதிரம் அளவுள்ள ஓ-ரிங் (இணைப்பில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒன்று நசுங்கிக் கிடக்கும். மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் சவ்வு, நன்றாகவே இருக்கும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அங்கிருப்பவர் பிரஷரை ஏற்றி, ரிஜெக்ட் (வெளியேறும் கழிவு உப்புநீர்) வால்வை இறுக்கி, கையில் கிடைத்த ஆசிடை ஊற்றிக் கழுவி, ஒரு கோளாறை மூன்றாக்கி வைத்திருப்பார்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் முதல் ஒன்றிரண்டு லட்சம் லிட்டர் வரை கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடு பரவல்) பிளாண்டுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை இங்கே எழுதியிருக்கிறேன். எந்த அறிகுறியாக இருந்தாலும் சந்தேகப்படும் வரிசை ஒன்றுதான்: முதலில் மீட்டர், பிறகு வால்வு, வடிகட்டி, ஓ-ரிங், பம்ப். மெம்பிரேன் கடைசியில்.

## கை வைக்கும் முன்

கிணற்று நீர் ஆர்.ஓ.வில் பழகியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இங்கே அழுத்தம் 55 முதல் 70 பார். ஊசிமுனை ஓட்டையிலிருந்து சீறும் நீர் தோலைக் கிழித்து உள்ளே போகும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். வெசல் (மெம்பிரேன்களை உள்ளே அடுக்கியிருக்கும் உயரழுத்தக் குழாய்) மூடியில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்து, டிரெயின் வால்வையும் திறந்துவிடுங்கள். கேஜ் பொய் சொல்லலாம், டிரெயின் வால்வு பொய் சொல்லாது.

அடுத்து, ஓடும் நிலையிலேயே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடல்நீரின் வெப்பநிலை, அதன் கண்டக்டிவிட்டி (மின்கடத்துதிறன்; உப்பு கூடினால் இதுவும் கூடும்), கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கு (மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கும் நுண்வடிகட்டி) முன்னும் பின்னும் உள்ள பிரஷர், மெம்பிரேனுக்குள் நுழையும் பிரஷர், ரிஜெக்ட் வெளியேறும் பிரஷர், நல்ல தண்ணீரின் ஓட்டம், ரிஜெக்டின் ஓட்டம், நல்ல தண்ணீரின் கண்டக்டிவிட்டி. பிளாண்ட் புதிதாக ஓடிய முதல் வாரத்தில் இதே அளவுகள் என்னவாக இருந்தன என்று லாக் புக்கில் பாருங்கள். லாக் புக் இல்லையென்றால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். பழைய ரிப்போர்ட் இல்லாத நோயாளியைப் பார்க்கும் டாக்டரின் நிலைமைதான் நமக்கும்.

மீட்டர்களை நம்பும் முன் ஒரு சோதனை. பம்ப் நின்றபோது எல்லா பிரஷர் கேஜும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். உப்புக் காற்றில் முள் துருப்பிடித்து 5 பாரிலேயே நின்றுவிடும் கேஜ்கள் நிறைய உண்டு. கண்டக்டிவிட்டி மீட்டரை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். மீட்டர் தப்பு என்று இங்கேயே முடிந்துபோன கேஸ்கள் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

## அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, ஒரு நிமிடத்துக்குள் ட்ரிப் ஆகிறது

பேனலில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

### லோ பிரஷர் விளக்கு எரிந்தால்

ஹை பிரஷர் பம்புக்குப் போதிய தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். சும்மா கிடைக்கும் காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள். மணல் வடிகட்டியை பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) செய்தவர் வால்வைப் பழைய இடத்துக்குத் திருப்பாமல் போயிருப்பார். அது சரியாக இருந்தால் கார்ட்ரிட்ஜுக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசத்தைப் பாருங்கள். 1 பாரை நெருங்கியிருந்தால் மாற்றுங்கள்.

அதுவும் இல்லையென்றால் கடல் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் ஃபீட் பம்பின் கேஜ் முள்ளைக் கவனியுங்கள். முள் நடுங்கினால் பம்ப் காற்றை இழுக்கிறது: ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) ஒழுகுகிறது, அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் எங்கோ காற்று நுழைகிறது. முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் அடைப்பு: ஸ்ட்ரெய்னரில் சிப்பி, பிளாஸ்டிக் பை, சொறிமீன். சிப்பி குழாயின் உள்சுவரிலும் ஒட்டி வளரும். ஸ்ட்ரெய்னரை மட்டும் சுத்தம் செய்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்.

கரைக்கிணற்றிலிருந்து நீர் எடுக்கும் பிளாண்டில் இன்னொன்று உண்டு. ஓர் இடத்தில் தினமும் ட்ரிப் ஆனது. எலக்ட்ரீஷியன் மூன்று முறை வந்து பேனலைப் பிரித்துப் போட்டும் பிடிபடவில்லை. லாக் புக்கைப் புரட்டினேன். முதல் நாள் காலை 9.10, மறுநாள் 10.00, அதற்கடுத்த நாள் 10.50. தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. கடல் வற்றும் நேரம் அப்படித்தானே தள்ளிப்போகும்! வற்றத்தின்போது கிணற்று நீர்மட்டம் உறிஞ்சு குழாய்க்குக் கீழே இறங்கியிருக்கிறது. குழாயை ஒரு மீட்டர் இறக்கியதும் ட்ரிப் நின்றது.

கடைசியாகப் பிரஷர் சுவிட்ச். அதன் சிறு துளையில் உப்பு கட்டியிருந்தால் தண்ணீர் நன்றாக வந்தாலும் "இல்லை" என்றுதான் சொல்லும்.

### ஹை பிரஷர் விளக்கு எரிந்தால்

ரிஜெக்ட் வால்வு முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நல்ல தண்ணீர்க் குழாயில் யாராவது வால்வை மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த இரண்டாவது ஆபத்தானது. நல்ல தண்ணீர் பக்கத்தில் அழுத்தம் தேங்கி, பம்ப் நின்ற நொடியில் எதிர்ப்பக்கம் அமுக்கினால் மெம்பிரேனின் தாள்கள் ஒட்டு விட்டுப் பிரிந்துவிடும். 0.3 பார் போதும் அதற்கு. அந்தக் குழாயில் மூடும் வால்வே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

எனர்ஜி ரெகவரி கருவி (ரிஜெக்டின் அழுத்தத்தை உள்ளே வரும் நீருக்கு மாற்றித் தருவது) உள்ள பிளாண்டாக இருந்தால் அதன் ரீங்காரத்தைக் கேளுங்கள். வழக்கமான சத்தம் நின்று, பிரஷரும் உப்பும் ஒன்றாக ஏறியிருந்தால் ரோட்டர் சுழலாமல் நின்றுவிட்டது. ரிஜெக்ட் உப்புநீர் அப்படியே மெம்பிரேனுக்குத் திரும்புகிறது. அதை நீங்கள் பிரிக்க வேண்டாம், கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

### ஓவர்லோட் விளக்கு எரிந்தால்

மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் சமமாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலேயின் செட்டிங்கை ஏற்றிவிட்டு ஓட்டுவது மட்டும் வேண்டாம். மோட்டார் சுருள் எரிந்துபோனால் அது தனிச் செலவு.

## அறிகுறி: நல்ல தண்ணீர் குறைந்துவிட்டது

முதலில் தெர்மாமீட்டர். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் உற்பத்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 30 டிகிரியில் ஓடிய பிளாண்ட் 24 டிகிரிக்கு வந்தால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் காணாமல் போவது இயற்கை. கோளாறே இல்லாமல் கழுவப்பட்ட மெம்பிரேன்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் கழுவப்பட்டவை. அப்போது உப்பும் சேர்ந்து குறைந்திருக்கும், அதுதான் அடையாளம்.

வெப்பநிலை மாறவில்லையென்றால் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

### பிரஷரும் குறைந்திருக்கிறது

கோளாறு பம்பிலோ வால்விலோ இருக்கிறது. ரிஜெக்ட் வால்வு தேய்ந்து தானாகவே அதிகம் விடுகிறதா என்று பாருங்கள். ரிஜெக்ட் ஓட்டம் கூடியிருந்தால் அதுதான். ரிஜெக்டும் குறைந்து, நல்ல தண்ணீரும் குறைந்திருந்தால் பம்ப் தள்ளும் அளவே குறைந்துவிட்டது: பெல்ட் நழுவுகிறது, வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது பிளஞ்சர் பேக்கிங் போயிருக்கிறது.

### பிரஷர் அதேதான், கடல்நீரின் உப்பு கூடியிருக்கிறது

சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கும். அதன் சவ்வூடு அழுத்தமே 27 பார் அளவில் இருக்கும். நாம் தரும் அழுத்தத்தில் அதைத் தாண்டியதுதான் வேலைக்கு ஆகும். உள்ளே வரும் நீரின் உப்பு கூடியிருந்தால், நீங்கள் வெளியே விடும் ரிஜெக்ட் சுற்றிக்கொண்டு உள்ளெடுக்கும் இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். நீரோட்டம் திசை மாறும் பருவத்தில் மட்டும் இது தலைகாட்டும். ரிஜெக்ட் குழாயை நீட்டுவதுதான் தீர்வு.

### பிரஷர் அதேதான், உள்ளே வரும் நீரும் அதேதான்

மெம்பிரேனில் அழுக்கு படிந்திருக்கிறது. கீழே "பிரஷர் வித்தியாசம்" பகுதிக்குப் போங்கள்.

எந்தக் கிளையாக இருந்தாலும் செய்யக் கூடாதது ஒன்று: தண்ணீர் குறைந்ததே என்று ரிஜெக்ட் வால்வை இறுக்கி ஈடுகட்டுவது. 100 லிட்டர் கடல்நீரில் 40 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் மிச்சம் 60 லிட்டரில் உப்பு 58,000 மில்லிகிராமுக்கு ஏறும். 55 லிட்டர் எடுத்தால் மிச்சத்தில் 77,000ஐத் தாண்டும். கடைசி மெம்பிரேன் அந்தக் குழம்பில்தான் ஊறுகிறது. அன்றைக்குத் தண்ணீர் கூடினாற்போல் தெரியும். அடுத்த மாதம் மெம்பிரேனை மாற்றச் சொல்வார்கள்.

## அறிகுறி: தண்ணீர் உப்புக் கரிக்கிறது

அதிகம் பதற வைக்கும் அறிகுறி இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்கள் மட்டும் உப்பாக இருந்து பிறகு சரியாகிறதா? பிளாண்ட் நின்றிருந்தபோது உப்பு மெல்லக் கசிந்து நல்ல தண்ணீர் பக்கம் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுங்கள், போதும்.

தொடர்ந்து கரித்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நல்ல தண்ணீரின் அளவு என்ன ஆயிற்று?

### அளவு அதே, அல்லது துளி கூடியிருக்கிறது

பத்துக்கு எட்டு முறை ஓ-ரிங். வெசல் ஒவ்வொன்றின் சாம்பிள் குழாயிலும் தனித்தனியாகப் பிடித்துக் கண்டக்டிவிட்டியை அளந்து பாருங்கள். மற்றவை 400 காட்டும்போது ஒன்று மட்டும் 1,500 காட்டினால் குற்றவாளி அதற்குள் இருக்கிறது.

அந்த வெசலில் எந்த இடம் என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பிளாண்டை நிறுத்தி, நல்ல தண்ணீர்க் குழாயின் மறுமுனை அடைப்பைக் கழற்றி, சுமார் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் டியூபை உள்ளே கடைசி வரை செலுத்துங்கள். டியூபில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பிளாண்டை வழக்கமான பிரஷரில் ஓட்டி, டியூபைக் கோடு கோடாக வெளியே இழுத்து, ஒவ்வொரு நிலையிலும் அதில் வரும் தண்ணீரை அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் ஓரிரு நிமிடம் பொறுங்கள். டியூபில் தங்கிய பழைய தண்ணீர் போக வேண்டும்.

எண்கள் மெல்ல ஏறிக்கொண்டே போவது இயல்பு. கடைசியாக நான் செய்த வெசலில் 310, 320, 335, 340 என்று வந்துகொண்டிருந்தது, இரண்டாவது மெம்பிரேனும் மூன்றாவதும் சேரும் இடத்தில் ஒரே கோட்டில் 2,100 ஆகி, அடுத்த கோட்டில் 1,200க்கு இறங்கியது. இப்படி இணைப்பில் துள்ளினால் ஓ-ரிங். மெம்பிரேனின் நடுப்பகுதியில் துள்ளினால் அந்த மெம்பிரேனே கிழிந்திருக்கிறது.

புது ஓ-ரிங்குக்குக் கிளிசரின் தடவுங்கள். கிரீஸும் வாசலினும் வேண்டாம், ரப்பரையும் மெம்பிரேனின் பசையையும் கெடுத்துவிடும். மாற்றியபின் மெம்பிரேன்கள் வெசலுக்குள் முன்னும் பின்னும் ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடினால் ஷிம் வளையம் போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஆடி ஆடித்தான் ஓ-ரிங் தேய்கிறது.

### அளவும் கூடியிருக்கிறது, உப்பும் கூடியிருக்கிறது

இது கெட்ட செய்தி. தண்ணீர் கொஞ்சம் வெப்பமாகியிருந்தால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் ஏறும், அது பரவாயில்லை. அப்படியில்லாமல் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிட்டது.

நான் பார்த்ததில் மறக்க முடியாத கேஸ் இது. பாசி வராமலிருக்கக் கடல்நீரில் குளோரின் போட்டு, மெம்பிரேனுக்கு முன்னால் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு அதை முறிக்கும் ஏற்பாடு. டோசிங் பம்ப் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய கரைசல். எல்லாம் சரி என்றார்கள். தொட்டி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், மூக்கில் ஏறவே இல்லை. எப்போது கரைத்தது? "போன மாசம்ணே." 2 சதவீதக் கரைசல் மூன்று நாளில் வீரியம் இழந்துவிடும், 10 சதவீதம் ஒரு வாரம் தாங்கும். ஒரு மாதமாக அந்த பம்ப் வெறும் தண்ணீரைத்தான் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சோதனை: கார்ட்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் பிடித்து டிபிடி மாத்திரை (குளோரின் இருக்கிறதா என்று காட்டுவது) போட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஏறினால் உடனே பிளாண்டை நிறுத்துங்கள். கடல்நீரில் போடும் குளோரின் அங்கிருக்கும் புரோமைடோடு சேர்ந்து புரோமினாக மாறிவிடும், அதுவும் மெம்பிரேனை விடாது. 1 மில்லிகிராம் குளோரினுக்கு 3 மில்லிகிராம் மெட்டாபைசல்ஃபைட் என்பது நடைமுறைக் கணக்கு. ஆனால் அளவுக்கு மீறி ஊற்றினால் வேறொரு வகை பாக்டீரியா கொழுக்கும்.

குளோரினால் அரிபட்ட மெம்பிரேனைக் கழுவித் தேற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும். முதலில் அடிபடுவது முன்வரிசை மெம்பிரேன்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் முன் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். இது சர்வீஸ் ஆளின் வேலை.

### அளவு குறைந்திருக்கிறது, உப்பு கூடியிருக்கிறது

அழுக்கு. அடுத்த பகுதி.

## அறிகுறி: நுழையும் பிரஷருக்கும் ரிஜெக்ட் பிரஷருக்கும் வித்தியாசம் ஏறுகிறது

புதிதாக இருந்தபோது 1.5 பார் இருந்தது என்று வையுங்கள். 10 முதல் 15 சதவீதம் ஏறியதும் கழுவும் நேரம் வந்துவிட்டது. இன்னும் தண்ணீர் வருகிறதே என்று தள்ளிப்போட்டால் ஒரு மெம்பிரேனுக்கு 1 பார், முழு வெசலுக்கு 3.5 பார் என்ற எல்லையைத் தொடும். அதற்கு மேல் மெம்பிரேன் சுருளே தொலைநோக்கிக் குழாய் போல நீண்டு வெளியே வந்துவிடும்.

கிணற்று நீர் பிளாண்டில் பழகியவர் உடனே "சுண்ணாம்பு படிந்துவிட்டது, ஆசிட் போடு" என்பார். கடல்நீரில் 40 சதவீதம் வரை எடுக்கும் பிளாண்டில் அது அரிது. இங்கே பெரும்பாலும் உயிர்ப்படலம்தான்: பாக்டீரியாவும் அது விடும் பிசினும். சந்தேகமிருந்தால் வெசலின் இரு மூடியையும் திறந்து பாருங்கள். முன்முனை மெம்பிரேனின் முகத்தைத் தொட்டால் வழவழவென்று, மீன் நாற்றத்தோடு இருந்தால் உயிர்ப்படலம். சிப்பித் துணுக்கும் மணலும் இருந்தால் முன்னால் உள்ள வடிகட்டி ஏமாற்றுகிறது. பின்முனையில் சொரசொரப்பான வெள்ளைப் படிவு இருந்து, அதில் ஒரு துளி ஆசிட் விட்டதும் பொங்கினால் அப்போது சுண்ணாம்பு என்று சொல்லுங்கள். அப்படியானால் ஆன்ட்டிஸ்கேலன்ட் (படிவு வராமல் தடுக்கும் மருந்து) தொட்டியும், ரிஜெக்ட் வால்வை யார் இறுக்கினார்கள் என்பதும் அடுத்த விசாரணை.

கழுவும் வரிசை முக்கியம். முதலில் காரம், பிறகு ஆசிட். உயிர்ப்படலத்தின் மேல் முதலில் ஆசிடை ஊற்றினால் அது இறுகிப்போய் பிறகு காரத்துக்கும் அசையாது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்து பிஎச் 11க்கும் 12க்கும் இடையில், வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாமல். நல்ல தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கடல்நீரில் கரைத்தால் அதிலுள்ள மெக்னீசியம் பால் போலத் திரிந்து நீங்களே படிவை உண்டாக்குவீர்கள். 4 பாருக்குக் கீழான பிரஷரில் சுற்றவிடுங்கள். முதலில் திரும்பி வரும் கறுத்த தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். அரைமணி முதல் ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றவிடுங்கள். மோசமாக இருந்தால் இரவு முழுக்க ஊறலாம். நன்றாக அலசியபின் தேவைப்பட்டால் மட்டும் 2 சதவீத சிட்ரிக் ஆசிட். பிஎச், வெப்ப எல்லைகளை உங்கள் மெம்பிரேனோடு வந்த தாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி, கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டாம். மெட்டாபைசல்ஃபைடோடு ஆசிட் சேர்ந்தால் கந்தக டைஆக்சைடு வாயு கிளம்பும், பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு. மூடிய அறையில் இரண்டுமே ஆளைச் சாய்க்கும்.

இரண்டு முறை ஒழுங்காகக் கழுவியும் பழைய அளவு வரவில்லை, அல்லது கழுவிய ஒரு மாதத்துக்குள் மறுபடி ஏறுகிறது என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு மெம்பிரேனைக் கழற்றி அறுத்துப் பார்த்து என்ன படிந்திருக்கிறது என்று லேபில் சொல்வார்கள். ஒரு மெம்பிரேன் நஷ்டம்தான், ஆனால் மருந்தைக் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றி ஊற்றுவதைவிட மலிவு.

## அறிகுறி: கார்ட்ரிட்ஜ் வாரத்துக்கொரு முறை அடைக்கிறது

கார்ட்ரிட்ஜைத் திட்டாதீர்கள். 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜின் வேலை தப்பி வரும் துகளைப் பிடிப்பது. ஊர் அழுக்கையெல்லாம் வடிகட்டுவது மணல் வடிகட்டியின் வேலை. பேக்வாஷ் போதிய வேகத்தில் நடக்கிறதா, மணல் கட்டிப்போய் ஒரே வழியில் தண்ணீர் ஓடுகிறதா, மணலே பாதி வெளியேறிவிட்டதா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

அழுக்கின் நிறமே பாதி சொல்லிவிடும். பழுப்பு என்றால் இரும்பு. பச்சை என்றால் பாசி. கறுப்பு என்றால் மாங்கனீசோ சல்ஃபைடோ. எஸ்டிஐ (நீரில் அடைக்கும் துகள் எவ்வளவு என்று காட்டும் எண்) சோதனைக் கருவி இருந்தால் 0.45 மைக்ரான் தாளில் 15 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 5க்கு மேல் வந்தால் அந்தத் தண்ணீரை மெம்பிரேனுக்குக் காட்டவே கூடாது, 3க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

கடல் திடீரென்று நிறம் மாறி, கார்ட்ரிட்ஜ் சில மணி நேரத்தில் அடைத்தால் பாசிப் பெருக்கம். 2008-2009இல் பாரசீக வளைகுடாவில் செம்பாசி பெருகியபோது பெரிய பெரிய நிலையங்களே மூட வேண்டி வந்தது. சிறிய பிளாண்ட் வீரம் காட்ட வேண்டிய இடமல்ல இது. தொட்டியில் தண்ணீர் இருந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் அளவைக் குறைத்து, பேக்வாஷை அடிக்கடி செய்து ஓட்டுங்கள். பாசியைக் கொல்கிறேன் என்று குளோரினை அள்ளிக் கொட்டினால் செல் வெடித்து உள்ளிருக்கும் பிசின் வெளியே வரும். அது இன்னும் மோசம்.

பழைய கார்ட்ரிட்ஜைக் கழுவி மறுபடி போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

## அறிகுறி: ஹை பிரஷர் பம்ப் சத்தம் போடுகிறது, நடுங்குகிறது

சரளைக்கல் உருட்டுவது போன்ற சத்தம் என்றால் பம்புக்குள் நுழையும் தண்ணீர் போதவில்லை. மேலே லோ பிரஷர் பகுதியில் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். தட் தட் என்று சீராக அடித்தால் பிளஞ்சர் பம்பில் ஒரு வால்வு உடைந்திருக்கலாம். குழாய் முழுக்க அதிர்ந்தால் டேம்பனரில் (பம்பின் துடிப்பை அடக்கும் வாயுக் குடுவை) நைட்ரஜன் இறங்கியிருக்கலாம்.

ஆயில் கண்ணாடியில் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதே எண்ணெயில் ஓட்டினால் பேரிங் போகும். நிறுத்தி, சீல் மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீரே உராய்வுநீக்கியாக வேலை செய்யும் பிஸ்டன் பம்புக்கு எண்ணெய்ப் பிரச்சினை இல்லை, ஆனால் மணல் துகள் ஒன்று போதும் அதைக் கீற. அதை வீட்டுப் பட்டறையில் பிரித்துச் சேர்க்க முடியாது.

## அறிகுறி: டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) சரி, ஆனால் நாற்றம், நிறம், சுவை சரியில்லை

அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வாயு என்பதால் மெம்பிரேனைத் தாண்டி வந்துவிடும். நாட்கணக்கில் நின்ற பிளாண்டாக இருந்தால் தேங்கிய நீரில் உண்டானது, அலசினால் போய்விடும். கரைக்கிணற்றிலேயே இருந்தால் நல்ல தண்ணீரைக் காற்றில் தூவி வாயுவை விரட்டலாம். கிணற்று நீரில் குளோரின் போட்டு அடக்கப் பார்க்காதீர்கள். கந்தகம் நுண்துகளாகப் பிரிந்து மெம்பிரேனில் போய் உட்காரும், அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

பால் போன்ற வெண்மை: ஒரு கிளாஸில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் காற்றுக் குமிழி, கவலை இல்லை.

சிவப்பு: தொட்டிக்குப் பிறகு இருக்கும் இரும்புக் குழாய். ஆர்.ஓ. தண்ணீரில் தாது கிட்டத்தட்ட இல்லை, பிஎச்சும் 6ஐ ஒட்டி இருக்கும்; உலோகத்தைக் கரைத்துத் தன் பசியை ஆற்றிக்கொள்ளும். கால்சைட் (சுண்ணாம்புக்கல்) வடிகட்டி இருந்தால் அதில் கல் தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வையுங்கள். சப்பென்ற சுவைக்கும் அதுவே மருந்து.

போரான் பற்றி ஒரு வார்த்தை. கடல்நீரில் லிட்டருக்கு 4.5 முதல் 5 மில்லிகிராம் இருக்கும். மெம்பிரேன் உப்பைத் தடுக்கும் அளவுக்கு இதைத் தடுக்காது. டிடிஎஸ் மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2.4. மெம்பிரேன் பழசாகும்போது லேபில் கொடுத்துப் பாருங்கள்.

## அறிகுறி: துரு, கசிவு

316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நம்பி வாங்கிய குழாயில் ஊசிக்குத்து போல ஓட்டை விழுவது கடல்நீரில் சகஜம். இணைப்பு கிளாம்புக்கு அடியில்தான் முதலில் அரிக்கும், வெளியே தெரியாது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நல்ல தண்ணீரால் உள்ளே அலசினால் அரிப்பு வெகுவாகக் குறையும். உயரழுத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் எம்-சீல், கிளாம்ப், வெல்டிங் ஒட்டு எதுவும் கூடாது. அந்தத் துண்டையே உப்பு அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் டூப்ளெக்ஸ் ஸ்டீலில் மாற்றுங்கள், தகுதியான ஆளை வைத்து.

## பிளாண்டை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால்

இரண்டு நாள் வரை என்றால் நல்ல தண்ணீரால் அலசி விட்டால் போதும். அதற்கு மேல் என்றால் 1 சதவீத மெட்டாபைசல்ஃபைட் கரைசலை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுங்கள். மாதம் ஒருமுறை பிஎச் பாருங்கள். 3க்கு இறங்கியிருந்தால் கரைசலை மாற்றுங்கள். மறுபடி ஓட்டும்போது ரிஜெக்ட் வால்வை முழுக்கத் திறந்து, குறைந்த பிரஷரில் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். உள்ளே காற்று இருக்கும்போது ஹை பிரஷர் பம்பைத் தட்டினால் அந்த ஓர் அடியில் மெம்பிரேன் உடையும். முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம்.

## சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள், அவர் வரும் வரை

ஆரம்பத்தில் சொன்ன அளவுகளை எழுதி, லாக் புக்கின் கடைசி மூன்று மாதப் பக்கங்களோடு போனில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். பாதி நேரம் அவர் கொண்டுவர வேண்டிய சாமான் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். கடைசியாக மாற்றிய கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள். மெம்பிரேனைக் கழற்றியிருந்தால் வெயிலில் வைக்காதீர்கள், காயவிடாதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு நிழலில் வையுங்கள். முக்கியமாக, வருகிறவருக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று அதைக் கழுவி வைக்காதீர்கள். அதன் முகத்தில் இருக்கும் அழுக்கைப் பார்க்கத்தான் அவர் வருகிறார்.